முக்கோணத்தை இழுத்துப் பார்க்கலாம்



பக்கத்தில் ஒரு தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். விருப்பம்போல ஒரு முக்கோணம் வரைந்து வெட்டுங்கள். அதன் மூன்று மூலைகளையும் கிழித்து, முனைகள் மூன்றும் ஒரே புள்ளியில் சேரும்படி பக்கம் பக்கமாக வையுங்கள். அடியில் ஒரு நேர்க்கோடு அமைந்துவிடும். நேர்க்கோடு என்றால் 180 பாகை. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அதைத்தான் இப்போது கையால் செய்து பார்த்தோம்.

தாளைக் கொண்டு கணக்குச் சொல்லித்தருவது நம் ஊருக்குப் புதிதல்ல. தண்டலம் சுந்தரராவ் என்பவர், தாளை மடித்தே வடிவியல் கற்கலாம் என்று காட்டி, 1893-இல் சென்னையில் ஆங்கில நூல் ஒன்றை வெளியிட்டார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட்டார். 1901-இல் அமெரிக்காவிலும் அது அச்சேறியது.

ஆனால் ஒரு தாளில் கிடைப்பது ஒரு முக்கோணம்தான். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் வெட்டினால் நாற்பது. மற்ற முக்கோணங்களுக்கும் இது பொருந்துமா என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன செய்வது? இங்கேதான் கணினி கைகொடுக்கிறது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர், 2001-இல் ஜியோஜீப்ரா என்ற மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பள்ளிகளும் மாணவர்களும் அதை இலவசமாகப் பயன்படுத்தலாம். கைபேசியிலும் இயங்கும். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வருவதும் பெரும்பாலும் இதுதான்.

திரையில் முக்கோணத்தின் ஓர் உச்சியை விரலால் இழுத்தால் வடிவம் மாறிக்கொண்டே போகும். கோணங்கள் ஏறும், இறங்கும். கூடுதல் மட்டும் 180-ஐ விட்டு நகராது.

கோணங்களை முழு எண்ணில் காட்டும்படி வைத்துப் பாருங்கள். சில இடங்களில் 60, 59, 60 என்று வரும். கூட்டினால் 179! பிள்ளைகள் விடமாட்டார்கள், "ஒரு பாகை எங்கே போச்சு?" என்று கேட்பார்கள். உண்மையான அளவுகள் 60.4, 59.4, 60.2 ஆக இருந்திருக்கும். தசமங்களை முழுதாக்கியதில் ஒரு பாகை காணாமல் போயிருக்கிறது. அளந்து பார்ப்பது வேறு, நிரூபிப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் சொல்லிவிட முடியாது.

அடுத்து, 'ஏன்' என்று கேட்கவேண்டும். மேல் உச்சி வழியாக, அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். கீழே உள்ள இரண்டு கோணங்களுக்கும் சமமான ஒன்றுவிட்ட கோணங்கள், மேல் கோணத்தின் இருபுறமும் அமைகின்றன. மூன்றும் சேர்ந்தால் அந்த நேர்க்கோடு. கிழித்த தாளில் கண்டதும் இதையேதான். இப்போது காரணமும் தெரிந்துவிட்டது. இனி எந்த முக்கோணத்தையும் அளந்து பார்க்கத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். கை முதலில், திரை அடுத்து, காரணம் கடைசியில். இந்த வரிசை மாறவேண்டாம். காணொளியை ஓடவிட்டுப் பிள்ளையைப் பார்க்கவைப்பது மட்டும் போதாது. கருவி பிள்ளையின் கையில் இருக்கவேண்டும். உச்சியை இழுக்கும் முன், "என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். ஊகம் தப்பாகப் போனாலும் பரவாயில்லை; தப்பிய இடத்தில்தான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும். ஒரே ஒரு கைபேசிதான் இருக்கிறதா? நான்கு பேர் சுற்றி உட்காரட்டும். ஒருவர் இழுக்க, மற்றவர்கள் ஊகிக்கட்டும்.

இன்று முக்கோணம் பார்த்தோம். நாற்கரத்தின் நான்கு மூலைகளையும் கிழித்து ஒட்டினால் என்ன கிடைக்கும்? விடையை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்துக் கேளுங்கள்.