பெண்களும் பந்தாட்டமும்



இன்றையக் கூட்டத்தில் பெண் விடுதலையைப் பற்றிப் பேசவேண்டுமென்று என்னைக் கேட்டுக் கொண்டார்கள். இந்த விஷயத்தைப் பேசும்போது மநுதர்மத்தையும் புராணங்களையும் எடுத்து வைத்துக் கொண்டு அவற்றின் யோக்கியதையை விளக்குவது நமது வழக்கம். இன்று அதைச் சற்று ஒதுக்கிவிட்டுப் பந்தாட்டத்தைப் பற்றிப் பேசலாமென்று வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கேட்டுவிட்டு முடிவில் சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பெண்ணுக்குத் தோளில் வலுவில்லை, வெயில் தாங்காது, ஓடமுடியாது, ஆகையால் அடுப்பங்கரைதான் அவளுக்கு இயற்கை கொடுத்த இடம் என்பதாக வைதீகர்கள் சொல்லுகிறார்கள். வைதீகர்களை விடுங்கள், நம்மில் பலரும் வீட்டுக்குள் போனவுடன் இதையேதான் சொல்லுகிறோம். நாற்று நடுகிறவள் யார்? கட்டட வேலையில் செங்கல்லைத் தலையில் சுமந்து சாரம் ஏறுகிறவள் யார்? அங்கெல்லாம் அவளுடைய தோள் வலுவும் வெயிலும் ஒருவனுக்கும் ஞாபகத்துக்கு வருவதில்லை. பெயரும் பணமும் கிடைக்கிற இடத்துக்கு அவள் வரும்போது மாத்திரம்தான் இயற்கை வந்து குறுக்கே நிற்கிறது!

கிரிக்கட்டு என்கிற ஆட்டம் உங்களில் அநேகருக்குத் தெரியும். தாய்மார்களுக்காக ஒரு வார்த்தை சொல்லுகிறேன். ஒரு கட்சிக்கு 11 பேர். முன்பெல்லாம் அய்ந்து நாள் ஆடுவார்கள். இப்போது சுருக்கி, ஒரு கட்சிக்கு 20 ஓவர், அதாவது 120 பந்து என்று வைத்து, மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக முடித்து விடுகிறார்கள். இந்தச் சுருக்க ஆட்டத்துக்கு ஆண்களுக்கென்று 2008இல் பெரிய போட்டி ஏற்படுத்தினார்கள். பெண்களுக்கு எப்போது? 2023இல். 15 வருஷம் கழித்து! அந்த 15 வருஷமும் பெண்கள் ஆடத் தெரியாமல் இருந்தார்களா? 1973இலேயே பெண்கள் கிரிக்கட்டுச் சங்கம் ஏற்பட்டது. 1976இல் பாட்னாவில் மேற்கிந்தியத் தீவுப் பெண்களை ஜெயித்தார்கள். அந்தக் காலத்தில் ஆடிய அம்மையார்கள், இடம் பதிவு செய்யாத ரயில் பெட்டியில் சாமான்களோடு நெருக்கிக் கொண்டு பிரயாணம் செய்ததைத் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். ஆண்களின் சங்கம் அவர்களைத் தன்னோடு சேர்த்துக் கொண்டதே 2006இல்தான்.

2023 ஜனவரியில் அய்ந்து அணிகளை விற்றார்கள். விலை மொத்தம் 4,669 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெங்களூர் அணியைப் பற்றியே இன்று சொல்லப்போகிறேன். அதன் பெயரே ஒரு விஸ்கியின் பெயரிலிருந்து வந்தது. ஒரு விஸ்கி விளம்பரத்துக்கு இருக்கிற மதிப்பு நம் நாட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு இல்லை, போகட்டும்.

இந்த அணிக்குத் தலைவி ஸ்மிருதி மந்தானா. அவருக்கு 3 கோடியே 40 லட்சம். அந்த ஏலத்திலேயே அதிக விலை அவருக்குத்தான். ஆடத் தொடங்கியதும் என்ன ஆயிற்று? முதல் அய்ந்து ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்றார்கள். எட்டு ஆட்டத்தில் இரண்டே ஜெயம். உடனே கிளம்பிவிட்டார்கள் நம்முடைய மேதாவிகள்! "பார்த்தீர்களா, பெண்களுக்கு இவ்வளவு பணமா?" என்றது ஒரு கூட்டம். "அந்தப் பேருக்கே ராசியில்லை" என்றது இன்னொரு கூட்டம். ஒன்றாக ஆடிப் பழகாத 11 பேரைச் சில வாரத்தில் ஓர் அணியாக்கினால் தோற்காமல் என்ன செய்வார்கள் என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை.

அடுத்த வருஷம் பயிற்சியாளரை மாற்றினார்கள். சோஃபி மோலினோ, ஜார்ஜியா வேர்ஹம் முதலிய ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர்களைச் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி 23 முதல் மார்ச் 17 வரை பெங்களூரிலும் டெல்லியிலும் போட்டி நடந்தது.

முதல் ஆட்டத்தில் ஆஷா ஷோபனா என்கிற திருவனந்தபுரத்துப் பெண் பந்து வீசினார். வயது 32. அதுவரை இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆட அவரைக் கூப்பிடவில்லை. நம் ஊரில் 32 வயதுப் பெண் என்றால் பேரன் பேத்திக்குத் தயாராகிறவள் என்று எண்ணம். அந்த அம்மையார் அன்று 22 ஓட்டங்கள் கொடுத்து 5 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். அதில் மூன்று பேர் ஒரே ஓவரில். இந்தப் போட்டியில் 5 விக்கட்டு எடுத்த முதல் இந்தியப் பெண் அவர்தான். பெங்களூர் அணி 2 ஓட்டத்தில் ஜெயித்தது. அதன் பிறகுதான் நாட்டுக்கு அவரைக் கண் தெரிந்தது. 2024 மே மாதம், 33-வது வயதில், முதன் முறையாக இந்தியாவுக்கு ஆடினார். அவருடைய திறமை அந்த ஒரு மாலையில் வானத்திலிருந்து விழுந்ததா? பத்து வருஷமாக இருந்த திறமைதான். மைதானமும் விளக்கும் இல்லாமல் இருட்டில் கிடந்தது, அவ்வளவுதான்.

எட்டு ஆட்டத்தில் நான்கு ஜெயம், நான்கு தோல்வி. அந்தத் தோல்விகளில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மார்ச் 10, டெல்லி அணியோடு ஆட்டம். கடைசி ஓவருக்கு 17 ஓட்டங்கள் வேண்டும். ரிச்சா கோஷ் என்ற 20 வயதுப் பெண் இரண்டு தடவை பந்தைக் கோட்டுக்கு வெளியே பறக்க அடித்தார். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் வேண்டியிருக்க, ஓடும்போது ஆட்டமிழந்தார். ஒரே ஓட்டத்தில் தோல்வி. அந்தப் பெண் தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். இரண்டு நாள் கழித்து எலிஸ் பெர்ரி என்ற ஆஸ்திரேலிய அம்மையார் 15 ஓட்டம் கொடுத்து 6 விக்கட்டு எடுத்துப் பம்பாய் அணியைச் சாய்த்தார். பிறகு மார்ச் 15, அதே பம்பாயோடு மறுபடியும். கடைசி ஓவரில் பம்பாய்க்கு வேண்டியது 12. யாரிடம் பந்தைக் கொடுத்தார்கள்? ஆஷாவிடம்தான். ஆறே ஓட்டம் கொடுத்தார். 5 ஓட்டத்தில் ஜெயம்.

இறுதி ஆட்டம் மார்ச் 17, டெல்லியில், டெல்லி அணியோடு. அதற்கு முன் அவர்களோடு ஆடிய நான்கு ஆட்டங்களிலும் பெங்களூர் தோற்றிருந்தது. டெல்லி ஏழு ஓவரில் ஒருவரும் ஆட்டமிழக்காமல் 64 ஓட்டங்கள். எல்லாம் முடிந்தது என்று எழுந்து போனவர்களும் இருப்பார்கள். எட்டாவது ஓவரில் மோலினோ மூன்று பேரை வெளியேற்றினார். பெங்களூர்ப் பெண் ஷ்ரேயங்கா பாட்டீல் 12 ஓட்டத்துக்கு 4 பேரை எடுத்தார். 113க்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். பெங்களூர் 19.3 ஓவரில் 115 எடுத்து 8 விக்கட்டில் ஜெயித்தது. ஜெயித்த அடியை அடித்தது யார்? ஒரு வாரத்துக்கு முன் தரையில் உட்கார்ந்து அழுத அந்த ரிச்சா கோஷ்தான்!

இப்போது ராசிக்காரர்களைக் கேட்கிறேன். இரண்டு அணியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே கிரகங்களின் கீழ்தானே ஆடின? ஒரே பஞ்சாங்கம்தானே? ஏன் ஒன்று ஜெயித்து ஒன்று தோற்றது? போன வருஷம் ராசியில்லாத பெயர் இந்த வருஷம் எங்கே போய் ராசியை வாங்கி வந்தது?

இதைவிட வேடிக்கை ஒன்று. அதே பெயருள்ள ஆண்கள் அணி 2008 முதல் ஆடி வந்தது. "இந்த வருஷம் கோப்பை நமதே" என்று வருஷந்தோறும் ஆரவாரம் செய்தார்கள்; பெரிய பெரிய ஆட்டக்காரர்கள், பெரிய பெரிய சம்பளம். 2025 ஜூன் மாதம்தான் அவர்களுக்குக் கோப்பை கிடைத்தது. பெண்கள் தங்கள் இரண்டாவது வருஷத்திலேயே வாங்கிவிட்டார்கள். இயற்கையில் பலவீனமானவர் யார் என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள். ஆண்கள் பதினேழு வருஷம் தோற்றபோது, "ஆணுக்கு இயற்கையிலேயே இந்த ஆட்டம் வராது" என்று ஒருவனாவது சொன்னானா? பெண் அய்ந்து ஆட்டம் தோற்றால் பெண் ஜாதியே தோற்றதாகக் கணக்கு!

நிற்க. இதைச் சொல்லிவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2024க்கு ஒரு பெண்கள் அணி முழுவதற்கும் செலவிட அனுமதித்த தொகை 13 1/2 கோடி. அதற்கு முந்திய டிசம்பரில் ஆண்கள் ஏலத்தில் ஒரே ஒருவருக்குக் கொடுத்தது 24 3/4 கோடி. ஜெயித்த பெண்கள் அணிக்குப் பரிசு 6 கோடி. அந்த வருஷம் ஜெயித்த ஆண்கள் அணிக்கு 20 கோடி. ஆண்கள் ஆட்டத்தைத்தான் அதிகம் பேர் பார்க்கிறார்கள் என்று காரணம் சொல்லுகிறார்கள். 15 வருஷம் கதவை மூடி வைத்திருந்தவன், உள்ளே கூட்டமில்லை என்று சொல்லுவது என்ன நியாயம்? மனிதர்களை ஏலம் போடுவதே எனக்குப் பிடிக்கவில்லை. ஆணானாலும் பெண்ணானாலும் அந்த வார்த்தை காதுக்கு நாராசமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாரதக் கதையைப் பாருங்கள். அங்கும் ஓர் ஆட்டம் வருகிறது. அதில் பெண் ஆடவில்லை. பெண்ணைப் பணயமாக வைத்துப் புருஷர்கள் ஆடினார்கள். தோற்றது புருஷன், இழுத்து வரப்பட்டது பெண்ணின் தலைமயிர். இன்றைக்கு ஏலத்தில் வருகிற பணம் தகப்பனுக்கோ புருஷனுக்கோ அல்ல, ஆடுகிறவளுக்கே போகிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

நம்முடைய நாட்டுக்கு வருவோம். அந்த அய்ந்து அணிகள் எந்த ஊர்களுடையவை? பம்பாய், டெல்லி, பெங்களூர், ஆமதாபாத், லக்னோ. சென்னை எங்கே? சென்னையின் ஆண்கள் அணி அய்ந்து தடவை கோப்பை வாங்கியது. தெருவுக்குத் தெரு மஞ்சள் சட்டை. பெண்கள் அணிக்கு ஓர் இடமில்லை. மதுரையில் பிறந்த கமலினி என்ற பதினாறு வயதுப் பெண்ணை 2024 டிசம்பரில் 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தவர்கள் பம்பாய்க்காரர்கள். பெண்ணுரிமை பிறந்த பூமி இது என்று மேடைதோறும் மார்தட்டுகிற நாம், அந்தப் பெண்ணை இங்கே ஆடச் சொல்ல ஓர் அணிக்கு வழியில்லாமல் இருக்கிறோம்.

அது பணக்காரர்கள் காரியம் என்று தப்பித்துக் கொள்ளாதீர்கள். நம் காரியத்தைக் கேளுங்கள். ஊருக்கு வெளியே ஏரிக்கரைப் பொட்டலில் சாயங்காலம் யார் ஆடுகிறார்கள்? பையன்கள். அந்நேரத்துக்கு உங்கள் பெண் என்ன செய்கிறாள்? பாத்திரம் துலக்குகிறாள், அல்லது தம்பியைத் தூக்கி வைத்திருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் அந்தப் பொட்டல் பெண் குழந்தைகளுக்கென்று விடுங்கள். அந்த இரண்டு நாளும் பாத்திரத்தைப் பையன் துலக்கட்டும். கையெழுத்துப் போட்டு நடத்தி வைக்க யார் யார் தயார் என்று கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆண்கள் பெயர்தான் வேண்டும். பெண்கள் ஏற்கெனவே தயாராய்த்தான் இருக்கிறார்கள். அடுத்துப் பேசவேண்டிய தோழர் வெகு நேரமாகக் காத்திருப்பதால் இவ்வளவோடு நிறுத்திக் கொள்ளுகிறேன்.