கியர் அசையவில்லையா? பின்விளக்கைப் பாருங்கோ

(பளை தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



ஜப்பானில் இருந்து வந்த ஓட்டோ கியர் கார், வான் எல்லாம் எங்கட பக்கமும் ஓடுது. இவற்றில் பெரும்பாலானவற்றில், ‘பி’யில் நிற்கிற கியர்த் தடியை பிரேக் மிதிக்காமல் இழுத்தால் வராது. அது பழுதல்ல, பூட்டு.

பிரேக் மிதிக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. மிதித்ததும் பின்னுக்குச் சிவப்பு விளக்கை எரிய வைப்பது அதுதான். அனேகமான வாகனங்களில் அதே சுவிட்ச்தான் கியர்ப் பூட்டையும் திறக்க விடுகிறது. திறப்பு ‘ஒன்’னில் இருக்க, பிரேக்கை மிதித்தால், தடியின் அடியில் உள்ள கம்பிச்சுருளுக்குக் கரண்ட் வரும். சுருள் காந்தமாகி, தடியை மறித்து நிற்கிற முளையை இழுத்து விலக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும்.

1980களில் அமெரிக்காவில் ஔடி 5000 கார்கள் தானாகப் பாய்கின்றன என்று பெரிய முறைப்பாடு எழுந்தது. 1987 இல் கொம்பனி இந்தப் பூட்டைப் பூட்டிக் கொடுத்தது. பல சம்பவங்களில் சாரதிகள் பிரேக் என்று நினைத்து அக்சிலேட்டரை மிதித்திருக்கிறார்கள் என்று 1989 இல் அரசாங்க ஆய்வு சொன்னது. பிறகு சின்னப் பிள்ளையள் கியரை இழுத்து நடந்த விபத்துகளும் சேர, 2010 செப்டெம்பர் முதல் அங்கே புதுக் கார்களுக்கு இது சட்டமாயிற்று.

இனி எங்கட விசயம். தடி இறுகினால் சிலர் உடனே பக்கத்து மூடியைக் கழற்றி, உள்ளே திறப்பை அமத்தி எடுத்துக்கொண்டு போகினம். அந்த வழி அவசரத்துக்கு, அதுவும் ஹான்ட் பிரேக் போட்டுத்தான். முதலில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக்கை மிதியுங்கோ. விளக்கு ஒன்றும் எரியாவிட்டால் சுவிட்ச் அல்லது பியூஸ் போயிருக்கும். அப்படியே இரவில் தேங்காய் ஏற்றிக்கொண்டு ஏ-9 இல் போனால், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருகிற லொறிக்குத் தெரியாது.

விளக்கு எரிந்தும் தடி வராவிட்டால் சுருளிலோ வயரிலோ பிழை, கராஜுக்கு விடுங்கோ. மிதிக்காமலே விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதுவும் கூடாது. சுவிட்ச் ஒட்டிப்போச்சு, பூட்டும் திறந்தபடிதான். திறப்பையும் விட்டுவிட்டு இறங்கினால் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைக்கும் கியர் வரும்.

பார்க்க ஆள் இல்லாவிட்டால், பொழுதுபட்ட பிறகு வாகனத்தின் பின்பக்கத்தைச் சுவருக்குக் கிட்ட நிறுத்தி மிதியுங்கோ. சுவரில் சிவப்பு விழுகிறதா என்று கண்ணாடியில் தெரியும்.