நோய் தீர்க்கப் போய் நோய் வாங்கி வருவதா?
(ஓசூரில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரை)

 

சிப்காட்டில் கை நசுங்கினாலும், கிருஷ்ணகிரி கடைவீதியில் ஒருவர் மயங்கி விழுந்தாலும் மருத்துவமனைக்கு ஓடுகிறோம். பெரிய வியாதி என்றால் அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்குப் போகிறோம். நகையை விற்றாவது செலவு செய்கிறோம். குணமாகப் போன இடத்திலேயே புது நோய் தொற்றிக் கொண்டால் என்ன கதி?

இது கற்பனையல்ல. நமக்குப் பக்கத்திலுள்ள வாணியம்பாடியில் நடந்தது. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை திருப்பத்தூர், இராணிப்பேட்டை, திருவண்ணாமலை, நமது கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களில் 21 பேரை மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் பீடித்தது. அவர்களில் 10 பேர் வாணியம்பாடியின் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடையவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் மாண்டு போனார்கள். பல் வைத்தியத்திற்குப் போனவர்களுக்கு மய்யித்தாகத் திரும்பும் நிலை!

வேலூர் சி.எம்.சி., சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழக பொது சுகாதாரத் துறை ஆகியவை ஆராய்ந்தன. 2025இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் முடிவு வெளிவந்தது. காரணம் என்ன தெரியுமா? ஒரு சலைன் பாட்டில்! வாய்க்குள் பயன்படுத்தும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பஞ்சைத் தளர்வாக அடைத்து வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்நோயின் கிருமி மண்ணிலும் நீரிலும் வாழக்கூடியது. திறந்த சலைனில் புகுந்த கிருமியை அழிக்கும் மருந்து எதுவும் அதில் கிடையாது.

சில ரூபாய் மிச்சம். எட்டு உயிர் நஷ்டம்! வியாபாரிகளே, இந்தக் கணக்கு உங்களுக்குப் புரியாததா?

1847இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்குமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவுமாறு டாக்டர்களுக்குக் கட்டளையிட்டார். தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது. சக மருத்துவர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். தினம் ஐவேளை ஒளுச் செய்யும் நமக்குக் கை கழுவுவதன் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே, கேளுங்கள்! 'சிரிஞ்சு புதியதா? பாட்டில் இப்போது திறந்ததா? கை கழுவினீர்களா?' என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். தவறு கண்டால் கல்லெடுக்காதீர்கள். எழுத்து மூலம் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்குப் புகார் கொடுங்கள். எல்லையோரக் கிளினிக்குகளையும் முறையாகச் சோதனையிடுமாறு மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

நம் பக்கமும் குறையுண்டு. நலம் விசாரிப்பது நல்ல காரியம்தான். ஆனால் ஆபரேஷன் ஆனவரின் கட்டிலைச் சுற்றி இருபது பேர் கூடுவதும், காய்ச்சலோடு வார்டுக்குள் நுழைவதும், குழந்தைகளை அழைத்துச் செல்வதும் நோயாளிக்குச் செய்யும் தீங்கு. ஒருவர் இருவராகச் செல்லுங்கள். கை கழுவிவிட்டுத் தொடுங்கள்.

வாணியம்பாடியில் போன உயிர்கள் திரும்பப் போவதில்லை. ஓசூரில் அது நடக்காமல் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது!