மணிக்கு ஒரு படம்: இருத்தலியல் நோக்கில் ஒரு கலைப்படைப்பு



இருத்தலியல் என்றதும் இருண்ட அறையும், ஆளில்லாத நடைவழியும், சோர்ந்த முகமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. கறுப்பு வெள்ளையில் அத்தகைய ஒளிப்படம் ஒன்றைக் கண்டதும் ‘இது இருத்தலியல் சார்ந்தது’ என்று கூறிவிட்டு அடுத்த படத்திற்கு நகர்ந்துவிடுகிறோம். அது ஒரு மனநிலைக்கு நாம் சூட்டும் பெயரேயன்றிப் படைப்பைப் பற்றிய கருத்தாகாது. இத்தத்துவம் எழுப்பும் வினாக்கள் வேறு. இங்கே ஒரு மனிதர் எதைத் தேர்ந்துகொண்டார்? அத்தேர்வை யார் கண்முன் நிகழ்த்தினார்? இவ்விரண்டையும் ஒரே படைப்பில் வைத்துப் பார்ப்போம்.

தைவானில் பிறந்த டெச்சிங் ஷியே, 1974ஆம் ஆண்டு கப்பல் பணியாளராக அமெரிக்கா சென்று, கப்பலைவிட்டு இறங்கி, உரிய ஆவணங்களின்றி நியூயார்க்கில் வாழ்ந்தவர். உணவகங்களில் தட்டுக் கழுவியும் தரை துடைத்தும் பிழைத்தார். 1980 ஏப்ரல் 11ஆம் நாள் அவர் தலையை மழித்து, பணிச்சீருடை அணிந்து, தம் கலைக்கூடத்தில் இருந்த வருகைப்பதிவுக் கடிகாரத்தின் முன் நின்றார். தொழிற்சாலையில் தொழிலாளர் அட்டையைப் பதியும் அதே கடிகாரம். அன்றுமுதல் ஓராண்டு, இரவும் பகலும், மணிக்கொரு முறை அட்டையைப் பதிந்தார். ஒவ்வொரு முறையும் 16 மில்லிமீட்டர் படச்சுருளில் தம்மை ஒரு சட்டம் பதிவு செய்தார். நாளுக்கு 24 மணி. திரையில் விநாடிக்கு 24 சட்டங்கள். ஆகவே ஒரு நாள் ஒரு விநாடியாகிறது, ஓராண்டு ஏறத்தாழ ஆறு நிமிடமாகிறது. கடிகார முட்கள் சுழல்கின்றன. உடல் நடுங்குவதுபோல் துள்ளுகிறது. மழித்த தலையில் முடி வளர்ந்து தோளைத் தொடுகிறது.

இதனைக் கண்டதும் அல்பேர் காம்யு 1942இல் எழுதிய சிசிபஸ் நினைவுக்கு வருவது இயல்பே. பாறையை மலையுச்சிக்கு உருட்டுகிறான். அது மீண்டும் உருண்டு வருகிறது. ஆயினும் இவ்வொப்புமை பாதி வழியே வருமெனக் கருதுகிறோம். சிசிபஸுக்குத் தண்டனை விதித்தவர்கள் தேவர்கள். ஷியேவுக்கு எவரும் விதிக்கவில்லை, கூலியுமில்லை, மேலாளருமில்லை. விதியை எழுதியவரும் கீழ்ப்படிந்தவரும் ஒருவரே. இங்கே நமக்குக் கூடுதலாக உதவுபவர் சார்த்தர். மனிதனுக்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட இயல்பு எதுவுமில்லை, தன் செயல்களாலேயே அவன் தன்னை ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் கொள்கை. பிறந்த நாடு, கையில் இல்லாத ஆவணம் ஆகியவை சூழ்நிலை தந்தவை. அவற்றோடு என்ன செய்வது என்பது தேர்வு. அரசின் ஏட்டில் இடம்பெறாத ஒருவர் தம் வருகையைத் தாமே மணிதோறும் பதிந்துகொண்டார்.

இரண்டாம் வினாவுக்கு வருவோம். 1943இல் வெளிவந்த பெருநூலில் சார்த்தர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். சாவித்துளை வழியே ஒருவன் ஒட்டுப்பார்க்கிறான். பின்னால் காலடியோசை கேட்கிறது. அக்கணமே தான் பார்க்கப்படும் பொருளாகிவிட்டதை உணர்ந்து நாணுகிறான். ஷியேவின் கூடத்தில் அக்காலடியோசைக்கு ஈடாக நிற்பது ஒளிப்படக் கருவி. ஆனால் அவர் நாணவில்லை. அப்பார்வையைத் தாமே அழைத்து வைத்திருக்கிறார்.

இங்கே நம் மொழி பற்றி ஒரு சொல். இருத்தல் என்பது தொல்காப்பிய மரபில் முல்லையின் உரிப்பொருள். பிரிந்தவர் வரும்வரை ஆற்றியிருப்பது. இருத்தலியல் என்னும் கலைச்சொல்லை ஆக்கியோர் இதனை எண்ணினரோ இல்லையோ, அடுத்த மணிக்காகக் காத்திருக்கும் இம்மனிதருக்கு அப்பொருளும் பொருந்தவே செய்கிறது.

வகுப்பறையில் இப்படத்தைக் காட்டும் ஆசிரியர்கள், அதனோடு மற்றோர் ஆவணத்தையும் காட்ட வேண்டுகிறோம். ஓராண்டில் 8,760 மணிகள். அவற்றுள் 133 தவறின. எந்த அதிகாரியும் கேட்காத அத்தவறுகளையும் ஷியே மறைக்காமல் வகைப்படுத்தி வைத்தார். 94 முறை உறங்கிவிட்டார். 29 முறை தாமதமாகப் பதிந்தார். 10 முறை நேரத்திற்கு முன்பே பதிந்துவிட்டார்.