மீட்டரைத் தாண்டிய தண்ணீர் யார் கணக்கில்?

(வீட்டுச் செலவுகள் குறித்த தொலைக்காட்சி அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் வீட்டுக் கடன், பிள்ளைகளின் கல்வி, கார் தவணை என்று பெரிய செலவுகளைப் பற்றிப் பேசினார்கள். அவையெல்லாம் நமக்குத் தெரிந்தே வருகின்ற செலவுகள். நான் பேச வந்திருப்பது மண்ணுக்கு அடியில் இருந்து சொல்லாமல் வருகின்ற ஒரு செலவைப் பற்றி. வாசலில் இருக்கும் மீட்டரிலிருந்து வீட்டுக்குள் தண்ணீரைக் கொண்டு வருகிறதே ஒரு குழாய், அதுதான். நம் கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஆனால், அது ஓட்டையானால் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும்.

எல்லைக் கோடு எது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். குழாய் உடைந்தால் யார் செலவு செய்வது? பொதுவான விதி இதுதான்: மீட்டரும், மீட்டர் வரை வரும் குழாயும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் வரும் குழாய் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. சாலையோரத்தில் தண்ணீர் பீறிட்டால் நிறுவனத்திற்குப் புகார் செய்யலாம், இலவசமாகச் சரி செய்வார்கள். நம் கார் போர்ச்சுக்கு அடியில் கசிந்தால் அது நம் பாடு.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. நம் நாட்டில் சுத்திகரிக்கப்படும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வருமானம் தராத நீராகப் போகிறது. பெரும்பகுதி பழைய குழாய்களில் ஏற்படும் கசிவு. இதைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் பேசுகிறது, குழாய்களை மாற்றுகிறது. ஆனால், அந்தக் கணக்கு மீட்டருக்கு முன்னால் தொலைந்த தண்ணீருக்கு மட்டுமே. மீட்டரைத் தாண்டிய பிறகு மண்ணுக்குள் போகும் தண்ணீர் எந்தக் கணக்கிலும் கசிவு என்று வராது. அது நீங்கள் பயன்படுத்திய தண்ணீர், நீங்கள் வாங்கிய தண்ணீர். ஆகவே, அதைத் தேடி யாரும் வரமாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். நான் இன்று சொல்ல வந்த செய்தியே இதுதான்.

பேரப்பிள்ளைகள் வாங்கிய திட்டு

எங்கள் தாமானில் கணவரை இழந்த ஓர் அம்மா இருக்கிறார். தோட்டத்திலிருந்து வெளியேறி, சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய ஒற்றை மாடி வரிசை வீடு. திடீரென்று தண்ணீர் பில் ஏறத் தொடங்கியது. பள்ளி விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள்தான் தண்ணீரை வீணடிக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டித் திட்டியிருக்கிறார். பிள்ளைகள் ஊருக்குத் திரும்பினார்கள். பில் மட்டும் இறங்கவில்லை. மருமகளுக்கும் மாமியாருக்கும் மனக்கசப்பு வந்ததுதான் மிச்சம். கடைசியில் போர்ச்சில் இரண்டு ஓடுகள் தாழ்ந்து, காயாத ஈரம் தெரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஐந்து மாதம் கடந்திருந்தது.

ஐந்து மாதத்தில் என்ன போயிருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்திற்கு ஒரு லிட்டர் கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் போத்தல் ஒரு நிமிடத்தில் நிறைகிற அளவு, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு 1,440 லிட்டர். முப்பது நாளைக்கு 43 கன மீட்டர்.

சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா வீடுகளுக்கு 2024 பிப்ரவரியில் அமலுக்கு வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 20 கன மீட்டருக்கு 65 சென், அடுத்த 15 கன மீட்டருக்கு 1 வெள்ளி 32 சென், 35ஐத் தாண்டினால் 2 வெள்ளி 63 சென். மாதம் 25 கன மீட்டர் பயன்படுத்தும் குடும்பம் அந்தக் கட்டணப்படி 19 வெள்ளி 60 சென் கட்டும். கசிவும் சேர்ந்தால் 68 கன மீட்டர். பில் ஏறக்குறைய 120 வெள்ளி. தண்ணீர் மூன்று மடங்குகூட ஆகவில்லை, பில் ஆறு மடங்கு ஆகிவிட்டது. கசியும் தண்ணீர் பெரும்பாலும் மேல் படிக் கட்டணத்தில் ஏறுவதுதான் காரணம். இப்போதைய கட்டணம் உங்கள் பில்லிலேயே அச்சிட்டிருக்கும், உங்கள் கணக்கை அதை வைத்துப் போடுங்கள்.

பணம் மட்டுமல்ல. தண்ணீர் விநியோகம் தடைபடும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அப்போது ஓட்டை வழியாகச் சேறும் அழுக்கும் உள்ளே இழுக்கப்படலாம். மறுநாள் குழாயைத் திறந்தால் கலங்கல் வருகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செலவில்லாத ஒரு சோதனை

பிளம்பரை அழைப்பதற்கு முன் நாமே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரவு படுக்கப் போகும்போது எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். கூரைத் தொட்டி நிரம்பிய பிறகு மீட்டர் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் கழிவறைக்குப் போகும் முன் மறுபடியும் படம் எடுங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது.

கசிவு எங்கே? குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அடைப்பு வால்வு இருந்தால் அதை மூடுங்கள். மீட்டர் நின்றுவிட்டால் கோளாறு வீட்டுக்குள். கூரைத் தொட்டியின் மிதவை வால்வு, கழிவறைத் தொட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கழிவறைத் தொட்டியில் கொஞ்சம் கேசரிப் பொடி கரைத்து ஊற்றுங்கள். ஃபிளஷ் செய்யாமலே கீழே நிறம் இறங்கினால் ரப்பர் தேய்ந்துவிட்டது. அது சில வெள்ளியில் முடிகிற வேலை. வால்வை மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் மண்ணுக்கு அடியில் இருக்கும் குழாய்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் குத்தகைக்காரரை அழைத்து, "ஐயா, எங்கே கசிகிறது என்று பாருங்கள்" என்றால், அவர் எங்கே வேண்டுமானாலும் உடைப்பார். உடைத்ததற்கெல்லாம் நாம் பணம் கொடுப்போம்.

மூன்று பேர், மூன்று விலை

அந்த அம்மாவுக்கு வருவோம். மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் 350 வெள்ளி என்றார். இன்னொருவர் 3,800 வெள்ளி என்றார். மூன்றாமவர் 1,900 வெள்ளி என்றார். ஒரே வீடு, ஒரே குழாய். யார் ஏமாற்றுகிறார் என்று அம்மா என்னிடம் கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்தால், மூவரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருக்கிறார்கள்.

முதலாமவர் கசியும் இடத்தை மட்டும் தோண்டி ஒட்டுப்போடுவார். இரண்டாமவர் போர்ச் ஓடுகளை உடைத்து, அதே வழியில் முழுக் குழாயையும் மாற்றி, மறுபடியும் சிமெண்ட் பூசி ஓடு பதிப்பார். மூன்றாமவர் பழைய குழாயை மண்ணிலேயே அடைத்துவிட்டு, மீட்டரிலிருந்து பக்கச் சுவரை ஒட்டிப் புதிய பாலி குழாய் போடுவார். தரையை உடைக்கும் வேலை ஓரடிதான்.

இங்கேதான் நேயர்கள் கவனிக்க வேண்டும். இந்த விலைகள் அந்த ஒரு வீட்டுக்குக் கிடைத்தவை, உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ஆனால், பாடம் பொருந்தும். குழாயின் விலை இந்தச் செலவில் சின்னப் பங்குதான். உடைப்பதும், தோண்டுவதும், உடைத்ததை மறுபடியும் அழகாக்குவதும்தான் பெரிய பங்கு. ஆகவே, "குழாய் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "எவ்வளவு உடைக்க வேண்டும்? வேறு வழியாகக் கொண்டுபோக முடியுமா?" என்று கேளுங்கள்.

ஒட்டுப்போடுவதா, மாற்றுவதா? அது குழாயைப் பொறுத்தது. நல்ல பாலி குழாயில் மண்வெட்டி பட்டு ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப் போதும். பழைய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஜி.ஐ. இரும்புக் குழாய். அது ஓரிடத்தில் துருப்பிடித்துத் துளை விழுந்தால், மற்ற இடங்களும் அதே வயதுதான். இன்று ஓரிடத்தை அடைத்தால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். 350 வெள்ளி மூன்று முறை கொடுத்தால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அந்த அம்மாவின் குழாய் ஜி.ஐ.தான். அவர் மூன்றாமவரைத் தேர்ந்தெடுத்தார்.

பணம் கொடுக்கும் முன்

அவர் செய்த இன்னொரு காரியத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முன்பணமாக 300 வெள்ளி மட்டும் கொடுத்தார். வேலை முடிந்த மறுநாள் காலை மீட்டர் எண் நகரவில்லை என்று பார்த்த பிறகே மீதியைக் கொடுத்தார். இதைக் காகிதத்திலும் எழுதி வாங்கியிருந்தார்.

நீங்களும் எழுதி வாங்குங்கள். என்ன குழாய், எத்தனை மீட்டர், எந்த வழி, ஓடு பதிப்பது சேர்த்தியா, உத்தரவாதம் எத்தனை மாதம்? பிளம்பருக்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி இருக்கிறதா, பொருள்கள் ஸ்பானில் பதிவு பெற்றவையா என்றும் கேளுங்கள். மீட்டரை யாரும் கழற்றவோ திருப்பவோ இடம் கொடுக்காதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து, கை வைப்பது குற்றம். வீட்டுக் காப்புறுதி இருந்தால், குழாய் வெடித்து ஏற்படும் சேதத்திற்கு இழப்பீடு உண்டா என்று பத்திரத்தைப் பாருங்கள்.

வேலையைக் கெடுத்துவிட்டு ஆள் தொலைபேசியை எடுக்கவில்லையா? மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 2019 திருத்தத்திற்குப் பிறகு 50,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால், மன்றம் ஆதாரம் கேட்கும். ரசீதும், கையெழுத்திட்ட காகிதமும், நீங்கள் எடுத்த மீட்டர் படங்களும்தான் அங்கே பேசும். ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்தவருக்கு வாதாடுவது கடினம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொதுக் குழாய்கள் பராமரிப்புக் கட்டணத்தில் அடங்கியவை, அவற்றைச் சரி செய்வது நிர்வாகத்தின் வேலை. மேல் மாடியிலிருந்து உங்கள் கூரையில் ஒழுகினால் நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி ஏழு நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்வையிட வேண்டும். மேல் வீட்டுக்காரரோடு படிக்கட்டில் சண்டை போடத் தேவையில்லை.

நேயர்களே, பழுது வருவதை நாம் தடுக்க முடியாது. முப்பது வருடம் மண்ணில் கிடந்த இரும்பு துருப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால், அதை ஐந்தாவது மாதத்தில் கண்டுபிடிப்பதா, ஐந்தாவது நாளில் கண்டுபிடிப்பதா என்பது நம் கையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை மீட்டரைப் பாருங்கள். பில் ஏறினால் வீட்டில் யாரையும் திட்டுவதற்கு முன் ஓர் இரவு அந்த எண்ணைப் பாருங்கள்.