தொங்கு பாலமும் தூக்குப் பாலமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்து சிவில் படித்தவன் நான். பாலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். கரும்பு தின்னக் கூலியா?

தொங்கு பாலம் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட். 1933 ஜனவரியில் வேலை தொடங்கி, 1937 மே 27-ல் திறந்தார்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே 1,280 மீட்டர்; இடையில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஏன் இவ்வளவு சிரமம்? கீழே கப்பல் போகணும். அதனால் பாதையை 67 மீட்டர் உயரத்தில் கம்பி வடத்தில் தொங்கவிட்டார்கள். பாரமெல்லாம் வடத்தின் இழுவிசையாக மாறுகிறது. ஒரு பங்கைக் கோபுரங்கள் தாங்க, மறு பங்கு இரு கரையிலும் உள்ள கான்கிரீட் நங்கூரத்தில் போய் அடங்குகிறது.

இதே கேள்விக்கு நம் பாம்பனில் 1914-லேயே வேறு விடை கண்டார்கள். ரயில் பாதை தண்ணீருக்குக் கொஞ்சம் மேலேதான். உயர்த்த வழியில்லை, சரி, திறக்க வைப்போம் என்று நடுவே இரண்டு இறக்கைகள் வைத்தார்கள். ஆட்கள் கையால் இயக்கித் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் 126 கர்டர்கள் போயின. ஈ. ஸ்ரீதரன் தலைமையில், கடலில் விழுந்து கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தைச் சீராக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாலத்திலோ, 72.5 மீட்டர் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழுகிறது.

மூன்று பாலம், மூன்று உத்தி. ஆனால் தர்மம் ஒன்றே: மேலே போகிறவனுக்காகக் கீழே போகிறவன் வழியை அடைக்கக் கூடாது.

எங்கள் பக்கம் வருகிறேன். லைட் ஹவுஸ் குப்பத்துக்குப் பாலம் வருவதற்கு முன், பிரசவ வலி என்றாலும் படகுதான். பாலத்தின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஏரிதான் எங்கள் வயல். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து போனால்தான் இறால் உண்டு, மீன் உண்டு. மணல் தூர்ந்தால் படகும் நிற்கும், உலையும் நிற்கும். வடக்கே சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை, ஏரியின் குறுக்கே மண்கரை மேல் போகிறது. மண்ணைக் கொட்டிச் சாலை போடுவது மலிவு. தண்ணீருக்கு இடம் விட்டுக் கட்டுவது செலவு. மிச்சமாகும் காசு நம் எஸ்டிமேட்டில் தெரியும். குறையும் மீன் அதில் எந்தக் காலத்திலும் வராது.

ஆகவே மாணவச் செல்வங்களே, நாளை தண்ணீருக்கு மேலே ஒரு கோடு போடும் முன், கரைக்குப் போய் வலை காயப்போடும் பெரியவரிடம் கேளுங்கள்: "ஐயா, வாடைக்காற்றில் தண்ணி எப்படி ஓடும்? படகு எந்தப் பக்கம் திரும்பும்?" புத்தகத்தில் இல்லாத கணக்கு அவர் கையில் இருக்கிறது.