மரம் எப்போதும் வரும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். ஆர் மொழியில் கிளஸ்டரிங் செய்யும்போது என்னென்ன தகராறு வரும், அதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆர் என்பது நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தொடங்கிய மொழி. அதன் 1.0.0 பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வந்தது. காசு கொடுக்க வேண்டாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதில் படிநிலைக் கிளஸ்டரிங்குக்கு 'ஹெச்கிளஸ்ட்' என்ற கட்டளை இருக்கிறது. மிக நெருங்கிய இரண்டை முதலில் சேர்க்கும், பிறகு அடுத்த நெருக்கத்தைச் சேர்க்கும். 50 பொருள்கள் இருந்தால் 49 தடவை சேர்த்து, கடைசியில் ஒரு மரப்படம் தரும்.

பிள்ளைகள் முதலில் மாட்டுவது இங்கேதான். அட்டவணையை அப்படியே ஹெச்கிளஸ்ட்டிடம் கொடுப்பார்கள். 65536ஐத் தாண்டக்கூடாது என்கிற மாதிரி ஒரு பிழைச் செய்தி வரும். "என்ன சார் இது, என்கிட்ட 50 வரிதானே இருக்கு?" என்று திகைத்துப் போவார்கள். சங்கதி வேறொன்றும் இல்லை. அதற்கு வேண்டியது அட்டவணை அல்ல, தூரங்கள். முதலில் 'டிஸ்ட்' கட்டளையால் தூரம் கணக்கிட்டு, அதைத்தான் தர வேண்டும். தூர அட்டவணை ஏற்கெனவே கையில் இருந்தால் 'ஆஸ்.டிஸ்ட்' போதும். அதற்கும் டிஸ்ட் போட்டால் தூரங்களுக்குத் தூரம் கணக்கிட்டு, சத்தமில்லாமல் வேறு விடை தந்துவிடும்.

இப்படி நின்றுபோகிற பிழை நல்ல பிழை, நம்மைத் திருத்தும். நிற்காமல் அழகான மரம் வரைந்து கொடுக்கும் பிழைக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆர் மொழியோடு கூடவே வரும் ஒரு தகவல் தொகுப்பு, அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 1973இல் நடந்த கைதுகள் பற்றியது. லட்சம் பேருக்கு இத்தனை என்று கணக்கு. கொலைக்கான கைது 0.8 முதல் 17.4 வரை, தாக்குதலுக்கான கைது 45 முதல் 337 வரை. யூக்ளிடிய தூரத்தில் வித்தியாசத்தை வர்க்கப்படுத்துகிறோம் அல்லவா? தாக்குதலில் உள்ள பெரிய வித்தியாசம் 292, அதன் வர்க்கம் 85,264. கொலையில் 16.6, அதன் வர்க்கம் சுமார் 276தான். அப்படியே மரம் வரைந்தால் அது தாக்குதலைப் பற்றிய மரம். கொலைக்கு அதில் குரலே இல்லை! பிழைச் செய்தியும் வராது. 'ஸ்கேல்' கட்டளையால் எல்லாப் பத்திகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் படம் மாறும். ஆனால் அப்போது எல்லாவற்றுக்கும் சம எடை என்று நாமே முடிவு செய்கிறோம், அதையும் மறக்கக்கூடாது.

இன்னொன்று வார்டு முறை. 1963இல் ஜோ வார்டு வகுத்தது. 2014இல் வந்த 3.1.0 பதிப்பு வரை ஆரில் 'வார்டு' என்று இருந்தது, சாதாரண தூரத்தைக் கொடுத்தால் அவர் சொன்ன கணக்கைச் செய்யவில்லை. அந்தப் பதிப்பில்தான் அதற்கு 'வார்டு.டி' என்று பெயர் மாற்றி, சரியானதை 'வார்டு.டி2' என்று சேர்த்தார்கள். பழைய நிரலை எடுத்து ஓட்டும் தம்பிகள் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. வீட்டுக்குப் போய் வெறும் தற்செயல் எண்களைக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் கிளைகளோடு மரம் வரும். ஆகவே மரம் வந்துவிட்டது என்பதால் குழுக்கள் உண்மையில் இருக்கின்றன என்று அர்த்தமில்லை. சேர்க்கும் முறையை மாற்றுங்கள், சில வரிகளை நீக்குங்கள். அதற்குப் பிறகும் அதே குழுக்கள் நிலைக்கின்றனவா என்று பாருங்கள்.

நாளைக்கு உங்கள் மரத்தைப் பார்த்து எந்த ஊர் பின்தங்கியது, எதற்கு நிதி என்று யாரோ ஒருவர் முடிவெடுப்பார். அந்த ஊர் மக்களுக்கு டிஸ்ட்டும் தெரியாது, ஸ்கேலும் தெரியாது. அவர்களுக்காகக் கேள்வி கேட்க வேண்டியது, இந்தத் துறையில் படித்த நாம்தான்.